எழுநூற்று எண்பத்தாறு

ஓசூர்ப் பக்கத்துக் கடைவீதிகளில் பழைய கணக்குப் பேரேடுகளைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு வாய்க்கப்பெற்றவர்கள், முதற்பக்கத்தின் தலையில் இரண்டில் ஒன்றைக் கண்டிருப்பார்கள். இந்து வணிகரின் ஏடாயின் 'உ' என்னும் பிள்ளையார் சுழி இருக்கும். முஸ்லிம் வணிகரின் ஏடாயின் 786 என்னும் எண் இருக்கும். எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் படிந்த அந்தத் தாள்களில் இரண்டும் ஒரே பணியைத்தான் ஆற்றுகின்றன. நல்ல பெயரை நினைந்து தொடங்கியாயிற்று என்று எழுதியவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் அடையாளம் அது. தமிழ் எண் வரிசையில் இரண்டைக் குறிக்கும் வடிவமும் 'உ' போன்றதே என்பதை இன்று எவரும் நினைப்பதில்லை. எழுத்து எண்ணாவதும் எண் எழுத்தாவதும் நம் மண்ணுக்குப் புதியதன்று.

ஏட்டின் தலையில் அடக்கமாக அமர்ந்திருந்த அந்த எண், காலப்போக்கில் அங்கிருந்து இறங்கி ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது. 1975ஆம் ஆண்டு வெளிவந்த 'தீவார்' என்னும் இந்திப் படத்தில், துறைமுகக் கூலியான கதாநாயகனைத் துப்பாக்கிக் குண்டிலிருந்து காத்தது 786 என்று பொறித்த வில்லை. 1983ஆம் ஆண்டின் 'கூலி'யிலும் அதே எண் கதாநாயகனின் கையில் இருந்தது. பிறகு வாகனங்களில் ஏறிற்று. எங்கள் ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறி டி.என். 70. அதன் பின்னே 0786 அமைய வேண்டும் என்று கட்டணம் கட்டிக் காத்திருப்பவர்களில் நம்மவர் மட்டுமல்லர், பிற சமயத்தவரும் உண்டு. கைப்பேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கமாகவும் அது வேண்டப்படுகிறது. இறுதியில் அது வந்து நின்ற இடம் ரூபாய்த் தாள். இந்தக் கட்டுரை அந்தத் தாளைப் பற்றியதுதான்.

நான் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் சானமாவு, ஓசூரை அடுத்த சிற்றூர். ஒருபுறம் காப்புக்காடு, மறுபுறம் தக்காளியும் கேழ்வரகும் விளையும் நிலம், சற்றுத் தொலைவில் தொழிற்சாலைகளின் புகைபோக்கி. குளிர்காலம் தொடங்கிவிட்டால் கர்நாடகத்துப் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இங்கே வந்து தங்கும். தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும். எல்லைப்புறத்து ஊர்களுக்கே உரிய அந்தக் கலப்பில் எந்தச் செய்தியும் விரைவாகப் பரவும்; எந்த வதந்தியும் அவ்வாறே.

இங்கே என்னிடம் அவ்வப்போது வந்து போகும் இளைஞர் ஒருவர் உண்டு. தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறார். இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலைப் பொழுதுகளில் பெட்டிக்கடைக்காரர்களிடம் சில்லறைத் தாள்களை வாங்கி எண் பார்ப்பது அவருடைய பழக்கம். ஒரே இலக்கம் ஆறு முறை வரும் தாள், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் தாள், பிறந்த தேதி அமைந்த தாள் என்று பிளாஸ்டிக் உறைகளில் அடுக்கி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் இது என்ன பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தேன். பேசப் பேச, ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரை ஆராயும் மாணவனுக்கு இருக்க வேண்டிய கூர்மை அவரிடம் இருப்பதைக் கண்டேன்.

2006ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் நூறு தாள்கள் கொண்ட ஒரு புதுக்கட்டில் எண்கள் இடைவிடாமல் தொடர்ந்து வர வேண்டும் என்பது முறை. அச்சில் ஒரு தாள் பழுதானாலும் அந்தத் தொடர் அறுந்துவிடக் கூடாது. அவ்வாண்டு முதல் 10, 20, 50 ரூபாய்த் தாள்களில் பழுதானவற்றுக்கு ஈடாக வேறு எண்ணுடைய தாளை வைத்து, அதன் எண் வரிசையில் ஒரு சிறு நட்சத்திரத்தையும் பொறிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி ஏற்பாடு செய்தது. 2016இன் இறுதியில் புதிய 500 ரூபாய்த் தாளுக்கும் அந்த நட்சத்திரம் வந்தது. கண்டவர்கள் பலர் கள்ளத்தாள் என்று அஞ்சி வாங்க மறுத்தார்கள். நம் இளைஞரோ கடைக்காரர் மறுத்த நட்சத்திரத் தாளைத் தம் நல்ல தாளைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். எண்ணுக்குப் பின்னே மங்கலாகத் தெரியும் ஒற்றை ஆங்கில எழுத்து, 2015 முதல் இடமிருந்து வலமாகச் சிறிது சிறிதாகப் பெருத்துச் செல்லும் இலக்கங்கள் என்று அவர் காட்டக் காட்ட, நாள்தோறும் கையில் புரளும் தாளை நாம் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம் என்று வியந்தேன்.

அவரிடம் ஒரு நாள் கேட்டேன்: "தம்பி, 786 உள்ள தாள் உங்களிடம் எத்தனை இருக்கிறது?"

"ஒன்றுமில்லை, ஹஜ்ரத். அது அரிய எண்ணே அல்ல."

அவர் சொன்னதை நான் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு முன்னெழுத்துத் தொகுதிக்குப் பத்து இலட்சம் தாள்கள் என்று கொள்வோம். ஆறு இலக்கத்தில் 786 என்பது நான்கு இடங்களில் அமையலாம்: முதலில், ஓரிலக்கம் தள்ளி, ஈரிலக்கம் தள்ளி, கடைசியில். ஒவ்வோர் இடத்துக்கும் எஞ்சிய மூன்று இலக்கங்கள் ஆயிரம் வகையில் மாறும். ஆக நாலாயிரம். அவற்றுள் 786786 என்னும் ஒன்று இருமுறை எண்ணப்பட்டுவிட்டது; அதைக் கழித்தால் 3,999. இருநூற்றைம்பது தாளுக்கு ஒன்று என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாட்டில் புழங்கிய தாள்கள் 13,000 கோடிக்கு மேல். அப்படியானால் 786ஐத் தாங்கிய தாள்கள் மட்டும் ஐம்பது கோடியைத் தாண்டும்! வேறு இலக்கம் கலவாமல் 000786 என்று அமைந்தது வேண்டுமானால் தொகுதிக்கு ஒன்றே ஒன்று. ஆனால் 000785உம் தொகுதிக்கு ஒன்றுதான். அதைத் தேடி யாரும் கடைவீதியில் அலைவதில்லை.

இனி, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. அலிஃபுக்கு 1, பாவுக்கு 2, ஜீமுக்கு 3, தாலுக்கு 4 என்று தொடங்கி, பத்துகளாகவும் நூறுகளாகவும் உயர்ந்து, கைனுக்கு 1000 என்று முடியும் இந்த முறைக்கு அப்ஜத் என்று பெயர். 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்பதை இம்முறையில் கூட்டுவோம். பிஸ்ம் என்பதில் பா 2, ஸீன் 60, மீம் 40, ஆக 102. அல்லாஹ் என்பது 66. அர்ரஹ்மான் 329. அர்ரஹீம் 289. கூட்டினால் 786.

மதரஸாவில் முதலாண்டு ஓதும் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு இது. ஆனால் அந்தப் பிள்ளையைச் சற்றே நிறுத்தி, 'ரஹ்மான்' என்று நெடிலாக ஓதுகிறாயே, அந்த நெடிலுக்குரிய அலிஃப் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். அது எழுத்தின் மேலே சிறு கோடாக நிற்கிறது; கணக்கில் சேர்வதில்லை. சேர்த்தால் 787 ஆகிவிடும். 'இஸ்ம்' என்பதன் முதல் அலிஃபும் இங்கே எழுத்தில் மறைந்துவிடுகிறது. அதையும் எழுதிச் சேர்த்தால் இன்னும் ஒன்று கூடும். எழுதியதை எண்ணுவது, ஒலிப்பதை எண்ணாமல் விடுவது என்னும் ஒரு மரபின்மேல்தான் 786 நிற்கிறது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. மொராக்கோ முதலிய மேற்கு நாடுகளில், அதாவது அரபியர் மக்ரிப் என்று வழங்கும் நிலப்பகுதியில், அப்ஜத் வரிசை சற்று மாறுபடும். ஆறு எழுத்துகளின் மதிப்பு அங்கே வேறு. நாம் ஸீனுக்கு 60 என்கிறோம். அவர்கள் 300 என்கிறார்கள். பிஸ்மியில் மாறும் எழுத்து அந்த ஒரு ஸீன் மட்டுமே. அறுபதைக் கழித்து முந்நூறைக் கூட்டினால் 1026. ஆக, ஓசூர்க் கடைக்காரர் 786 என்று எழுதும் அதே திருவசனம் ஃபாஸ் நகரத்துக் கணக்கில் 1026 ஆகும். ஃபாஸ் நகரத்து அறிஞரிடம் 786 என்று எழுதிய தாளைக் கொடுத்தால் எந்தப் பொருளைக் கடையில் எத்தனைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டாலும் கேட்பார். மற்றொரு பக்கம், உருது எழுத்தில் 'ஹரி கிருஷ்ணா' என்று எழுதிக் கூட்டினாலும் 786தான் வருகிறது: முதற்சொல் 215, இரண்டாம் சொல் 571. இதைச் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். சுளிக்க என்ன இருக்கிறது? கூட்டுத்தொகைக்கு நெஞ்சமில்லை, எந்தச் சொற்களைக் கொடுத்தாலும் கூட்டித் தரும்.

அப்படியானால் நம் முன்னோர் அறியாமல் எழுதினார்களா என்றால், இல்லை. கடிதம் கிழிபடும், காலில் மிதிபடும், பொட்டலம் கட்டப்படும். அதில் இறைவன் திருப்பெயர் இருந்தால் அவமதிப்பு நேருமே என்று அஞ்சிய பணிவுதான் இந்த எண்ணைக் கடிதத்தின் தலையில் ஏற்றியது. அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் இதை ஏற்காத மார்க்க அறிஞர்களின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சபா நாட்டு அரசிக்கு ஸுலைமான் (அலை) அவர்கள் விடுத்த மடலில் பிஸ்மி முழுச் சொற்களாகவே இருந்தது என்று திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயம் 30ஆம் வசனம் கூறுகிறது. ரோமப் பேரரசர் ஹிரக்ளியஸுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுப்பிய மடலும் அவ்வாறே தொடங்கிற்று. பெறுபவர் எப்படி வைத்துக்கொள்வாரோ என்னும் ஐயம் அங்கேயும் இருந்திருக்கக் கூடியதுதான். என்னைக் கேட்டால், கடிதத்தின் தலையில் எண்ணை எழுதுகிறவர் வாயால் பிஸ்மியைச் சொல்லிவிட்டு எழுதட்டும் என்பேன். எண்ணை எழுதியதாலேயே சொன்னதாக ஆகிவிட்டது என்று எண்ணுவதும், அந்த எண் உள்ள தாள் பணப்பையில் இருந்தால் வறுமை அணுகாது என்று நம்புவதும் பணிவிலிருந்து வெகுதொலைவு வந்துவிட்ட செய்திகள்.

அப்ஜத் கணக்கு வீண் என்று சொல்லவரவில்லை. அது ஓர் அழகிய கலை. பள்ளிவாசல் கட்டிய ஆண்டையும் பெரியோர் மறைந்த ஆண்டையும் ஒரு சொற்றொடருக்குள் ஒளித்துவைப்பதைத் தாரீக் என்பார்கள். கூட்டினால் ஆண்டு வரும். படித்தால் பொருள் வரும். முகலாயப் பேரரசர் ஹுமாயூன் படியில் விழுந்து மறைந்தது ஹிஜ்ரி 963இல். அதற்குக் கட்டப்பட்ட புகழ்பெற்ற தாரீக்கைக் கூட்டினால் 962தான் வருகிறது. ஒன்று குறைந்தாலும் சொற்றொடர் அவ்வளவு இயல்பாக அமைந்துவிட்டமையால் உலகம் அதைப் பொறுத்துக்கொண்டது.

எங்கள் வட்டாரத்துக்கு நெருங்கிய சான்று திப்பு சுல்தானின் நாணயங்கள். பாராமகாலும் கிருஷ்ணகிரிக் கோட்டையும் 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்குப் போயின. ஓசூர்ப் பகுதியோ 1799 வரை மைசூர் ஆட்சியிலேயே இருந்தது. எனவே இந்தத் தெருக்களில் அந்த நாணயங்கள்தாம் சில்லறையாகக் குலுங்கியிருக்கும். செப்புக் காசுகளில் ஒருபுறம் யானை நிற்கும். காசுகளின் பெயர்களோ வானத்திலிருந்து வந்தவை. பைசாவுக்கு ஜுஹ்ரா, அதாவது வெள்ளி. அரைப் பைசா பஹ்ராம், அதாவது செவ்வாய். கால் பைசா அக்தர், அதாவது விண்மீன். அதிலும் பாதி குத்ப், துருவ மீன்.

பெயரைவிட எண்தான் ஆராயத்தக்கது. 1787 முதல் திப்பு தம் நாணயங்களில் ஹிஜ்ரி ஆண்டை விடுத்து, பெருமானார் (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து தொடங்கும் மவ்லூதி ஆண்டைப் பொறித்தார். அவ்வாண்டு 1215. ஆனால் இலக்கங்களை அரபு எழுத்தைப் போல வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். வழக்கம்போல் இடமிருந்து படிப்பவருக்கு அது 5121 என்று தோன்றும்! ஐயாயிரமாம் ஆண்டு நாணயம் என்று சொல்லி விற்க முயல்பவர் எவரேனும் இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒவ்வோர் ஆண்டுக்கும் அவர் பெயரும் சூட்டினார். நம் பிரபவ, விபவ போன்றதே. அந்தப் பெயரைக் கூட்டினால் சுழற்சியில் அது எத்தனையாவது ஆண்டு என்று தெரிந்துவிடும். ஆட்சியின் தொடக்கத்தில் அப்ஜத் முறையே கணக்கு. 'ஜகீ' என்றால் ஜே 7, காஃப் 20, யே 10, ஆக 37ஆம் ஆண்டு. அடுத்த ஆண்டு 'அஜல்': 1, 7, 30, ஆக 38. பிறகு 1787இல் அந்த வரிசையையே மாற்றிவிட்டார். பிள்ளைகள் பள்ளியில் ஓதும் அலிஃப், பே, தே, ஸே என்னும் நெடுங்கணக்கு வரிசைக்கே மதிப்புகளைக் கொடுத்தார். அலிஃப் 1, பே 2, தே 3 என்று தொடங்கி ரே வரை 10. அதன்பின் பத்துப் பத்தாக. இதற்கு அப்தஸ் என்று பெயர். 1219ஆம் மவ்லூதி ஆண்டின் பெயர் 'ஜபர்ஜத்', ஒரு பச்சை மணியின் பெயர். புதிய முறையில் ஜே 20, பே 2, ரே 10, ஜீம் 5, தால் 8. கூட்டினால் 45, அது சுழற்சியின் 45ஆம் ஆண்டே. பழைய அப்ஜத் முறையில் இதே பெயரைக் கூட்டினால் 216 வரும். அறுபதுக்குள் அடங்காத வெற்று எண். அவருடைய கடைசி ஆண்டின் பெயர் 'பாரிஷ்', மழை என்று பொருள். பே 2, அலிஃப் 1, ரே 10, ஷீன் 40. ஐம்பத்து மூன்று. அவ்வாண்டு மே மாதம் 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது.

பிஸ்மியைத் திப்புவின் அப்தஸ் முறையில் கூட்டினால் ஆறாயிரத்தையும் தாண்டிச் செல்கிறது. நம் வீட்டுக்கு அருகிலேயே, ஒரு முஸ்லிம் அரசரின் அரசாங்கக் கணக்கில், 786க்கு எந்தத் தனியிடமும் இருந்ததில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த மைசூரில்தான் இன்று ரிசர்வ் வங்கியின் தாள் அச்சகம் ஒன்று இயங்குகிறது என்பது இளைஞர் எனக்குச் சொன்ன உபரிச் செய்தி.

எண் என்றால் மனிதனுக்கு ஏன் இந்த ஆசை? அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்ப்பது ஒரு பெரிய கலையாக வளர்ந்திருக்கிறது. 1933இல் கௌடி என்னும் மிட்டாய் நிறுவனம் சூயிங்கத்தோடு அத்தகைய அட்டைகளை எண்ணிட்டு வழங்கியது. சிறுவர்கள் வாங்கி வாங்கி அடுக்கினார்கள். 106ஆம் எண் மட்டும் எவருக்கும் கிடைக்கவில்லை. இன்னும் ஒரு பொட்டலம் வாங்கினால் கிடைத்துவிடும் என்று வாங்கிக்கொண்டே இருந்தார்கள். நிறுவனம் அந்த எண்ணை அச்சிடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கடிதம் எழுதி முறையிட்டவர்களுக்கு மட்டும் 1934இல் லாஜாய் என்னும் பழைய ஆட்டக்காரரின் படத்தை 106 என்று எண்ணிட்டு அஞ்சலில் அனுப்பினார்கள். இன்று அது அரிதினும் அரிது. வேறொரு நிறுவனமான டாப்ஸ், 1954ஆம் ஆண்டுத் தொகுதியில் டெட் வில்லியம்ஸ் என்னும் பெரும் ஆட்டக்காரருக்கு முதல் எண்ணாகிய 1ஐயும் கடைசி எண்ணாகிய 250ஐயும் சேர்த்தே கொடுத்தது. அட்டைகளிலேயே புகழ்மிக்கது 'டி 206' என்னும் தொகுதி. 1909 முதல் 1911 வரை சிகரெட்டுப் பெட்டிகளில் வந்தவை அவை. அந்த எண் அட்டையில் எங்குமே அச்சிடப்படவில்லை. ஜெஃபர்சன் பர்டிக் என்னும் சேகரிப்பாளர் பல்லாண்டுகள் உழைத்து எல்லா வகை அட்டைகளுக்கும் அட்டவணை வகுத்தபோது, புகையிலைக்கு 'டி' என்றும் வரிசைக்கு 206 என்றும் தாமே இட்ட குறி அது. நிறுவனம் எண்ணை ஒளித்து ஆசையை மூட்டியது. பர்டிக் எண்ணைக் கொடுத்து அறிவை ஒழுங்குபடுத்தினார். நம் இளைஞர் இரண்டாமவரின் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

முதலாவது கூட்டத்தின் வாரிசுகளை எங்கள் தெருவிலேயே காண நேர்ந்தது. மகன் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை செய்ய, மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்க வழி தேடிக்கொண்டிருந்த கைம்பெண் ஒருவர் ஒரு மாலை வந்தார். கையில் ஒரு பத்து ரூபாய்த் தாள், அதில் 786. மறைந்த கணவர் திருமணமான புதிதில் கொடுத்தது. திருமறையின் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அத்தகைய தாளுக்கு மூன்று இலட்சம் கொடுப்பதாகக் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் என்று 2,100 ரூபாய் கேட்டிருக்கிறார்கள், அனுப்பிவிட்டார். இப்போது வரி என்று 8,500 கேட்கிறார்களாம். காதுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தார்.

"இதை அடகு வைக்கப் போறேன், ஹஜ்ரத். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு துஆ செய்யணும். பிஸ்மி எண்ணாச்சே, கை விடாதில்லையா?"

துஆ செய்வதற்கு முன் இளைஞரை அழைத்துவரச் சொன்னேன். அவர் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். வங்கியின் சின்னம், ஓர் அதிகாரியின் படம், முத்திரை எல்லாம் இருந்தன. பழைய தாள், நாணயம் வாங்கி விற்கும் பேரில் தன் பெயரைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், தான் அத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதே இல்லை, எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு 4ஆம் நாளே மக்களை எச்சரித்திருப்பதை எடுத்துப் படித்துக் காட்டினார். நான் அந்த 3,999 கணக்கைத் தரையில் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டினேன். அம்மையார் எழுத்தறியாதவரல்லர், வரிசையாகப் பார்த்துவந்தார். இருநூற்றைம்பதுக்கு ஒன்று என்ற இடத்தில் நிறுத்தி, தம் சுருக்குப்பையிலும் பக்கத்துக் கடைக்காரர் கல்லாவிலும் தேடச் சொன்னார். கல்லாவிலிருந்து இன்னொரு 786 கிடைத்துவிட்டது. அழுக்கேறிய இருபது ரூபாய்த் தாள்.

அதைப் பார்த்ததும்தான் அவர் தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டார்.

அனுப்பிய பணத்துக்காக இளைஞர் 1930 என்னும் எண்ணை அழைத்தார். இணையவழிப் பண மோசடிகளை முறையிட அரசு நாடு முழுமைக்கும் ஏற்படுத்தியிருக்கும் எண் அது. பணம் போன உடனேயே அழைத்தால் பயன் மிகுதி. நம் வீடுகளில் சுவரில் எழுதி வைக்கத்தக்க எண் ஒன்று உண்டென்றால் இதைச் சொல்வேன். 2,100 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. மகளின் கட்டணத்துக்கு ஜமாஅத்தார் சிலர் கூடி முதல் தவணைக்கு வழி செய்தனர். அம்மையார் கணவர் கொடுத்த தாளை மீண்டும் உறைக்குள் வைத்துவிட்டார். வைக்கட்டும்; அவருக்கு அது அவர் கணவர் கொடுத்த பத்து ரூபாய்.

அந்தச் சுண்ணக்கட்டிக் கணக்கைக் கண்ட என் மாணவப் பிள்ளைகளுக்கு அதன்பின் அப்ஜத் பித்துப் பிடித்துவிட்டது. தத்தம் பெயரைக் கூட்டுகிறார்கள், உம்மா பெயரைக் கூட்டுகிறார்கள், கிரிக்கெட் ஆட்டக்காரர்களைக்கூட விடவில்லை. தமிழில் உள்ள எழுத்துகள் பலவற்றுக்கு அரபியில் எழுத்தில்லையே, அவற்றுக்கு என்ன மதிப்பு என்று ஒருவன் மடக்கினான். பாரசீகத்தாருக்கும் இதே இடர் வந்தது, அவர்கள் 'ப'கரத்துக்குப் பாவின் மதிப்பையும் 'ச'கரத்துக்கு ஜீமின் மதிப்பையும் கொடுத்துச் சமாளித்தார்கள் என்று சொல்லி வைத்தேன். 'ழ'கரத்துக்கு அவனே ஒரு மதிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

சென்ற மார்கழியில் காட்டிலிருந்து யானைகள் வந்து தக்காளித் தோட்டத்தை மிதித்த மறுநாள், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பலகையில் யானைக்குரிய அரபுச் சொல்லாகிய 'ஃபீல்' என்பதை எழுதிக் கொண்டுவந்தாள். ஃபே 80, யே 10, லாம் 30, ஆக 120 என்று கூட்டியிருந்தாள். அருகிலேயே திப்புவின் முறையில் 1700 என்றும் போட்டிருந்தாள். இரண்டும் சரி என்றேன். உடனே கேட்டாள்:

"அப்போ ஃபாஸ் ஊர்ல யானை எவ்வளவு, ஹஜ்ரத்?"

மாறும் ஆறு எழுத்தில் இந்த மூன்றும் இல்லை, அங்கேயும் 120தான் என்றேன். அவள் அதை நம்பாமல், மக்ரிப் வரிசை முழுவதையும் எழுதித் தரும்படி பலகையை என் பக்கம் நீட்டினாள்.